விற்பவர் முதலில் குடிக்க வேண்டும்

நான் காணித் தரகு வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. முழங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்ததால்தான் விட்டேன். இல்லாவிட்டால் இன்றைக்கும் யாருடைய வளவிலாவது நின்று கதைத்துக்கொண்டிருப்பேன். போன மாதம், காணி, வீடு விற்கும் இளம் பிள்ளைகளுக்கென்று கடற்கரைப் பக்க விடுதி ஒன்றில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். "பழைய ஆக்களில நல்லாக் கதைக்கிறது நீங்கள்தான் அக்கா, கட்டாயம் வரவேணும்" என்று கூப்பிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை என்பதால் போனேன்.

வகுப்பை நடத்தியவர் நிரோஷன் என்ற தம்பி. மண்டப வாசலில் அவருடைய ஆளுயரப் படம், கறுப்புக் கோட்டுடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. திருகோணமலை வெயிலில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குத்தான் வியர்த்தது. பிள்ளை கெட்டிக்காரன், அதைக் குறை சொல்லமாட்டேன். பேர்சனல் பிராண்ட் என்பதைப் பற்றி மளமளவென்று பாடம் எடுத்தார். வீடு இரண்டாம் பட்சம், விற்கிற ஆளின் முகம்தான் முதல் சரக்கு என்றார். பிறகு ஒரு வசனம் சொன்னார்: "ஆறு மாசம் நீங்கள் முகத்தைக் காட்டேல்லையெண்டா உங்கட பேர் செத்துப்போகும்."

அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. நான் முகத்தைக் காட்டி எத்தனை ஆறு மாதம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவர் என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்கள் உங்கட பிராண்டை எப்பிடிக் கட்டினீங்கள் எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ" என்றார்.

"கேத்திலால" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தந்த நேரத்தில் பாதி படம் எடுப்பதிலேயே போய்விட்டது. அங்கே சொல்லக் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு நிரோஷன் தம்பி கோபிக்கக் கூடாது.

நான் தொழில் பழகியது தரகரிடம் அல்ல, நொத்தாரிசு துரைரத்தினம் ஐயாவிடம். கோட்டடியில் அவருடைய அலுவலகத்தில் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். காணி விற்பனைக்கான உறுதிப் பத்திரம் எழுதுவது, காணிப் பதிவகத்துக்குப் போய் முன் உறுதிகளைத் தேடுவது, நில அளவையாளரின் படத்தையும் உறுதியையும் ஒத்துப் பார்ப்பது எல்லாம் அங்கே பழகியவை. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐயாவைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

ஐயா மெலிந்த மனிதர், வெள்ளை முழுக்கைச் சட்டை, குரலை உயர்த்தவே மாட்டார். காணி விற்கிறவர் வந்து கதிரையில் இருந்ததும், "மகேஸ்வரி, ஃபானை நிப்பாட்டும்" என்பார். ஃபான் சத்தத்தில் கதை விளங்காதாம். வெக்கையில் எல்லோரும் அவிந்துகொண்டிருக்க, அவர் உறுதியை விரித்து, நான்கு எல்லையையும் ஆறுதலாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் விற்கிறவரைப் பார்த்து, "எழும்பி நில்லும். இப்ப உம்மட வளவுக்குள்ள நிக்கிறீர் எண்டு வையும். வடக்கைக் காட்டும்" என்பார்.

வெளியூர் ஆட்களுக்கு இது விளையாட்டுப் போலத் தெரியும். எங்கள் ஊரில் இது விளையாட்டில்லை. மற்ற ஊர்களில் கடல் ஒரு பக்கம்தான் இருக்கும், "கடல் பக்கம்" என்றால் திசை சொன்ன மாதிரி. இங்கே ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் துறைமுகத்துக் கடல், நடுவில் நாங்கள். பிறந்து வளர்ந்தவர்களே "கடல் பக்கத்து மதில்" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு கடலை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு முறை அண்ணனும் தங்கையும் தாய் வீட்டு வளவை விற்க வந்தார்கள். வாங்குபவரும் கூடவே இருந்தார். ஐயா வழக்கம்போல எழுப்பிவிட்டு, கடல் பக்கத்து எல்லையைக் காட்டச் சொன்னார். அண்ணன் துறைமுகப் பக்கம் கையை நீட்டினார், தங்கை வெளிக்கடல் பக்கம் நீட்டினார். இரண்டு கையும் எதிரும் புதிருமாக நின்றன. ஐயா பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "கடல் எங்கட ஊரில ஒரு திசை இல்லை. வளவுக்குள்ள போய் நிண்டு பாத்துப்போட்டு வாங்கோ" என்றார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால், அண்ணன் இவ்வளவு நாளும் வாங்குபவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுக்காரரின் காணி. வாங்குபவர் திரும்பி வந்து ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஐயா என்னைப் பார்த்து, "ஃபானைப் போடும்" என்றார்.

ஐயா பிள்ளைகளோடு இருக்க வெளிநாட்டுக்குப் போனதும் அலுவலகம் மூடப்பட்டது. எனக்கு வேலை போனது. ஆனால் ஆட்கள் விடவில்லை. உறுதியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து, "பிள்ளை, இதை ஒருக்காப் பார்" என்பார்கள். பார்த்துக் கொடுத்துக் கொடுத்து, ஒரு நாள் நானே விற்றுக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. என் கணவரிடம் சொன்னேன். இவர் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தார். "பொம்பிளை புரோக்கரை ஆர் நம்புவினம்?" என்று கேட்டார். "ஆம்பிளைப் புரோக்கரை மட்டும் ஆர் நம்பினவை?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை, ஓட்டோவைத்தான் எடுத்தார்.

முதலில் கிடைத்தது லிங்கநகரில் ஒரு பழைய வீடு. வாங்க வந்தவர் ஒரு வங்கி உத்தியோகத்தர், கூட மனைவி சரோஜா. அவர் மதிலைத் தட்டினார், கூரையைப் பார்த்தார், உறுதியின் பிரதியைப் பத்துத் தரம் புரட்டினார், முகத்தில் ஒரு தெளிவும் வரவில்லை. சரோஜா வாயே திறக்கவில்லை. நல்ல வெயில். கணவர் யாருடனோ தொலைபேசியில் கதைக்க வெளியே போய்விட, அந்த மனுசி பேசாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. குசினியில் வீட்டுக்காரர் விட்டுப் போன மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு நசுங்கின கேத்திலும் கிடந்தன. வெளியே ஓட்டோவோடு நின்ற என் கணவரை அனுப்பிச் சந்திக் கடையில் தேயிலையும் சீனியும் வாங்குவித்து, கிணற்றில் அள்ளி, ஒரு வெறும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். விற்கும் தந்திரம் எதுவும் மனதில் இல்லை, தாகம்தான் காரணம்.

சரோஜா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு வெளியே போய்க் கணவரின் கையிலிருந்த தொலைபேசியை இறக்கிவிட்டு, "இந்தத் தண்ணியில சோறு வெள்ளையா வரும். எனக்கு இந்த வீடு காணும்" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் வீடு விலைப்பட்டது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஓட்டோவின் பின் சீற்றில் இருந்து சிரித்துக்கொண்டே வந்தேன். உறுதியும் படமும் ஒருவர் பயந்து பயந்து பார்க்கிற சாமான்கள். தண்ணீர் அப்படியில்லை. எங்கள் கரையோரத்தில் ஒரு வளவில் கிணறு நல்ல தண்ணீராக இருக்கும், நாலு வீடு தள்ளி உவராக இருக்கும். அதைப் பற்றிக் கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை, கேட்டால் வருகிற பதிலைத்தான் ஒருவரும் நம்புவதில்லை. நாக்கில் வைத்தால் நம்புவார்கள்.

அன்றிலிருந்து அதை ஒரு முறையாக ஆக்கிக்கொண்டேன். ஒரு கூடையில் அடுப்பு, கேத்தில், தேயிலை, சீனி, கோப்பைகள். வளவுக்குப் போனதும் ஐயாவின் பாடம் முதலில்: விற்கிறவர் வளவின் நடுவில் நின்று நான்கு எல்லையையும் கையால் காட்ட வேண்டும். அதன் பிறகு கிணறு. முதல் தண்ணீரை எடுக்கவே மாட்டேன். மேலே நிற்கிற தண்ணீர் மழைத் தண்ணீராக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். மோட்டரைப் போட்டு இறைக்க வேண்டும், அடியில் ஊற்று வருகிறது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அந்தத் தண்ணீரில்தான் கேத்தில் அடுப்பில் ஏறும். பால் விடுவதில்லை, பால் பிழையை மூடிவிடும். கடைசியாக ஒரு சட்டம்: விற்கிறவர் முதலில் குடிக்க வேண்டும், பிறகு வாங்குகிறவர், அதன் பிறகு நான்.

கோர்ட்டுக்கு முன்னால் தேநீர்க் கடையில் கூடுகிற தரகர்கள் இதைக் கேள்விப்பட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் அந்த வழியால் போனால், "தேத்தண்ணி அக்கா, ரெண்டு பிளேன்ரீ, ஒரு வடை" என்று கூப்பிடுவார்கள். நானும் விடமாட்டேன். "காசை முதல் வையுங்கோ, உங்களுக்குக் கடன் இல்லை" என்பேன். அவர்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததில் எனக்கு விளம்பரம் சும்மா கிடைத்தது. உவர்க் கிணறு உள்ள சில வீட்டுக்காரர் என்னிடம் வரப் பயந்தார்கள். நல்ல கிணறு உள்ளவர்களெல்லாம் தேடி வந்தார்கள். நாளடைவில் "தேத்தண்ணி அக்கா காட்டின காணி" என்றால் ஆட்கள் மறு கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் வந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. ரொறன்ரோவில் இருந்து ஒருவர் வீடியோவில் வீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, தேத்தண்ணியை நீங்களே குடிச்சுச் சொல்லுங்கோவன்" என்றார். "ஏலாது தம்பி. கையெழுத்து வைக்க ஒராளுக்கு அற்றோர்ணித் தத்துவம் குடுக்கிறீங்கள்தானே, அதே மாதிரி நாக்குக்கும் ஒராளை அனுப்புங்கோ" என்றேன். அவர் கட்டைபறிச்சானில் இருந்த மாமியை அனுப்பினார். அந்த மாமி மூதூர்ப் பக்கத்திலிருந்து காலையிலேயே வந்து இறங்கி, மூன்று வளவுத் தேத்தண்ணியைக் குடித்து மூன்றையும் வேண்டாம் என்றார். நாலாவதுதான் பிடித்தது. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் என் தொழிலில் ஆகக் கடினமான நாள்.

சல்லிக்கும் நிலாவெளிக்கும் இடையில் ஒரு தென்னங்காணியைக் கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கி, மரங்களைத் தறித்து, துண்டு துண்டாகப் பிரித்து விற்க வெளிக்கிட்டது. அதன் முகாமையாளர் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையான ஆள், கதை தேன் மாதிரி. "மேடம், உங்கட பேருக்கு இந்த ஊரில இருக்கிற மதிப்பு எங்களுக்குத் தெரியும். திறப்பு விழா அண்டைக்கு நீங்கள் வந்து, எங்கட கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி வைச்சுக் குடுத்தாக் காணும்" என்றார். பதாகையிலும் என் கேத்திலின் படத்தைப் போடப்போவதாகச் சொன்னார். கேத்திலின் படம் பதாகையில் வருகிறதென்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. "என்ர முறைப்படி செய்ய விட்டால் வாறன்" என்றேன். "உங்கட முறைதானே எங்களுக்கு வேணும்" என்றார்.

அடுத்த நாளே கிண்ணியாவிலிருந்து றஹீமா தொலைபேசி எடுத்தார். றஹீமா வீட்டிலேயே விறகுப் போறணை வைத்துப் பாண் சுட்டு விற்கிறவர். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். நிலாவெளி விடுதிகளுக்குப் பாண் கொடுக்கலாம் என்று ஒரு பேக்கரி கட்ட நினைத்து, உம்மா கொடுத்த வயல் பங்கை விற்றுவிட்டிருந்தார். கம்பனியின் துண்டுகளில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், விழா நாளில் கையெழுத்து வைக்க வேண்டும்.

"அக்கா, எனக்குப் படம், உறுதி ஒண்டும் விளங்கா. பேக்கரிக்குத் தண்ணிதான் உசிர். உவர்த் தண்ணியில மாவு குழைச்சா எண்ட பாணை ஆரும் தொடமாட்டாங்க. நீங்க அங்க தேத்தண்ணி வெச்சி நல்லமெண்டு சொன்னா நான் கண்ணை மூடிக் கையெழுத்து வெக்கிற" என்றார்.

போனை வைத்தேன். அது வரைக்கும் என் பேரைச் சந்தோசமாகத்தான் சுமந்திருந்தேன். ஒரு மனுசியின் வயலும் இரண்டு பிள்ளைகளின் சோறும் அந்தப் பேரில் வந்து ஏறியதும் அது கனக்கத் தொடங்கியது.

விழா நாள் புரட்டாதியில் வந்தது. மாரி மழை இன்னும் இறங்காத காலம், எங்கள் கிணறுகளெல்லாம் அடி காட்டுகிற காலம். காணியில் கொட்டகை, பலூன், பாட்டு. நல்ல கூட்டம். றஹீமா முன் வரிசைக் கதிரையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நல்ல மேலே நின்றது. பக்கத்துக் காணியில் சல்லி மீனவர் பொன்னையா அண்ணை வலை காயவிடுகிற இடத்திலும் ஒரு கிணறு இருந்தது. அதையும் போய் எட்டிப் பார்த்தேன். அது வற்றி அடியில் கிடந்தது. திரும்பி வந்து கம்பனிக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி மணந்து பார்த்தேன். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் மணம் அடித்தது.

நான் ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அத்தாட்சியும் இல்லை. எனக்கு இருந்தது என் முறை ஒன்றுதான். "மோட்டரைப் போடுங்கோ, இறைக்க வேணும்" என்றேன்.

முகாமையாளர் ஓடி வந்தார். "மேடம், சுபநேரம் போகப் போகுது. இருக்கிற தண்ணியிலேயே வையுங்கோவன்" என்றார்.

"இறைக்காமல் வைச்சால் அது தேத்தண்ணிதான் தம்பி, என்ர தேத்தண்ணி இல்லை."

"சனம் வெயிலுக்க நிக்குது மேடம்."

"கொட்டகை போட்டிருக்கிறியள்தானே."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். இவர் ஓட்டோவிலிருந்து இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். கூட்டத்தில் பழைய ஆட்கள் சிலருக்கு என் முறை தெரியும். "அக்கா இறைச்சுத்தான் வைப்பா, விடுங்கோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மோட்டர் ஓடத் தொடங்கியது.

அந்த நேரத்தை நான் எப்படிக் கடத்தினேன் என்று எனக்குத்தான் தெரியும். தண்ணீர் தறித்த தென்னை அடிகளுக்கிடையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவேளை அடியிலும் நல்ல தண்ணீர்தான் வந்தால், இத்தனை சனத்துக்கு முன்னால் நான் ஒரு சந்தேகப் பிராணியாக நிற்பேன். அதைவிட, வராவிட்டால் றஹீமாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் இருந்தது. வேலியில் சாய்ந்து நின்ற பொன்னையா அண்ணை மட்டும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "இறையுங்கோ தங்கச்சி, இறையுங்கோ. தண்ணிப் பவுசர்க்காரனுக்கும் பிழைப்பு வேணும்தானே" என்றார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. முகாமையாளர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

ஊற்று தெரிந்தது. அள்ளினேன். கேத்திலை ஏற்றினேன். தேயிலை போட்டதும் சாயம் வழக்கமான சிவப்பில் இறங்காமல் கறுத்து மங்கிப் போனது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் முகத்தை ஒரு மாதிரியும் வைத்துக்கொள்ளவில்லை. சீனி போட்டுக் கலக்கி, முதல் கோப்பையை முகாமையாளரிடம் நீட்டினேன்.

"விக்கிறவர் முதல் குடிக்க வேணும்" என்றேன்.

அவர் குடித்தார். நான் அந்த மனிதரை ஒரு விசயத்தில் மெச்சுவேன், முகம் சுளிக்கவேயில்லை. ஒரு வாய் விழுங்கிவிட்டு, "அருமையான தேத்தண்ணி" என்றார் ஒலிவாங்கியில்.

இரண்டாவது கோப்பை றஹீமாவுக்கு. அவர் பிஸ்மி சொல்லி ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஆறுதலாகக் கேட்டார்: "அக்கா, நீங்க போட்டது சீனிதானா, உப்பா?"

முதலில் பின் வரிசை சிரித்தது, பிறகு முழுக் கொட்டகையும் சிரித்தது. ஆட்கள் எழும்பி வந்து தாங்களும் ஒரு வாய் கேட்டார்கள். நான் கேத்தில் முடியும் வரை எல்லோருக்கும் ஊற்றினேன். அவ்வளவு மோசமான தேத்தண்ணியை அவ்வளவு பெருமையோடு நான் ஒருநாளும் பரிமாறியதில்லை. றஹீமா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் ஒரு வியாபாரத்தைக் கெடுத்தவள், அவ்வளவுதான். எனக்கு அது போதாது. நான் தரகர், விற்கத் தெரிந்தவள். அடுத்த கிழமை முகாமையாளர் கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். வந்தவருக்கு எங்கள் வீட்டுக் கிணற்றில் நல்ல தேத்தண்ணி ஒன்று கொடுத்து இருத்தினேன்.

"உங்கட காணியில பிழையில்லை தம்பி. அதை உள்ளபடி விக்கத்தான் உங்களுக்குத் தெரியேல்லை. 'உவர்க் கிணறு' எண்டு பதாகையில பெரிசா எழுதுங்கோ. குழாய்த் தண்ணி லைன் எடுத்துத் தாங்கோ. விலையை அதுக்கேத்த மாதிரி இறக்குங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"உவர்க் கிணறெண்டு எழுதினா ஆர் மேடம் வாங்குவினம்?"

"மீன் பிடிக்கிற போட்டுக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு என்னத்துக்குத் தம்பி நல்ல தண்ணி?"

அவருக்கு வேறு வழியிருக்கவில்லை, எழுதினார். அந்தப் பதாகையைப் பார்க்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தன் காணியைத் தானே குறை சொல்கிற கம்பனியை அவர்கள் கண்டதில்லை. முதல் துண்டைப் பொன்னையா அண்ணை வலைக் கொட்டில் போட வாங்கினார். அவரைப் பார்த்துச் சல்லிக்காரர் போட் திருத்தும் இடத்துக்கும் கருவாட்டுக் கொட்டிலுக்கும் வாங்கினார்கள். குழாய்த் தண்ணீர் வந்ததும் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் மிச்சத்தை எடுத்தார்கள். ஒரு துண்டு மிஞ்சவில்லை. முகாமையாளர் மற்ற ஊர்களில் விற்கப் போகும்போதும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். "மேடம், இந்தக் காணியில என்ன குறையை முதல் எழுதுறது?" என்பார். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், நெஞ்சு நிறைந்தும் இருக்கும்.

றஹீமாவுக்கு இடம் தேடுவதில் நான் ஓயவில்லை. தம்பலகாமப் பக்கம் காட்டினேன், தண்ணீர் நல்லது, ஆனால் யானை வரும், விடியக் காலையில் பாண் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட முடியாது. கடைசியில் சரோஜா கூப்பிட்டார். மகளோடு போய் இருக்கப்போகிறார்களாம், லிங்கநகர் வீட்டை விற்க வேண்டும். ஒரே வீட்டை இரண்டு தரம் விற்பது எங்கள் தொழிலில் புதுமையில்லை. நான் அடுப்பு மூட்ட, சரோஜாவே கிணற்றில் அள்ளித் தந்தார். முதல் கோப்பையையும் அவர்தான் குடித்தார். றஹீமா குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இந்தத் தண்ணிக்கு மாவு கேக்காமலே பொங்கும்." இன்றைக்கு அந்தப் பின்வளவில் இரண்டு போறணை எரிகிறது. விடியக் காலையில் அவருடைய பாண் ஓட்டோக்கள் நிலாவெளி வரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு போகின்றன. மூத்த மகள்தான் இப்போது கடையைப் பார்க்கிறார்.

இதெல்லாம் பழைய கதை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் நிரோஷன் சொன்ன அந்த வசனம் என்னோடு வந்துகொண்டே இருந்தது. இவரிடமும் கேட்டேன். "என்ர பேர் செத்துப்போச்சே?" இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "உமக்குக் காது கேக்கிற தூரத்தில ஒருத்தரும் அப்பிடிச் சொல்லமாட்டினம்" என்றார். எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை.

போன கிழமை எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு பாதியை விற்பதென்று முடிவெடுத்தோம். தரகர் ஒருவரையும் பிடிக்கவில்லை. இவர் ஒரு பலகையில் "காணி விற்பனைக்கு" என்று எழுதி வாசல் படலையில் கட்டினார். ஒரு இளம் சோடி மோட்டார் சைக்கிளில் வந்தது. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்களாம். அந்தப் பிள்ளை வந்தவுடன் என்னை வளவின் நடுவில் நிற்கச் சொல்லி, "அம்மா, வடக்கு எல்லையைக் கையால காட்டுங்கோ" என்றாள். நான் திகைத்துப்போய்க் காட்டினேன். நான்கையும் காட்டினேன். பிறகு அவள் புருசன் பையைத் திறந்தான். உள்ளே ஒரு சின்னக் காஸ் அடுப்பு, ஒரு கேத்தில், தேயிலைப் பைக்கற், கோப்பைகள்.

"அம்மா, மோட்டரைப் போட்டுக் கொஞ்சம் இறைக்க வேணும். முதல் தண்ணி எடுக்கிறேல்ல" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"அது அப்பிடித்தான் அம்மா. இஞ்ச திருகோணமலையில காணி வாங்கிற எல்லாரும் செய்யிறதாம். நாங்கள் வேலை செய்யிற கந்தோரில சொல்லிச்சினம். உங்களுக்குத் தெரியாதா?"

இவர் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு என் பேர் தெரியாது, முகம் தெரியாது, நான் இருந்தேன் என்பதே தெரியாது. கிணற்றடியில் குந்தி, ஊற்று வரும் வரை பார்த்திருந்து, அள்ளி, பால் விடாமல், சீனி போட்டுக் கலக்கி, இரண்டு கையாலும் கோப்பையை எனக்கு நீட்டினாள். இவ்வளவு சந்தோசத்தை நான் கையெழுத்தான எந்த உறுதியிலும் கண்டதில்லை.

"விக்கிறவைதான் முதல் குடிக்க வேணும் அம்மா" என்றாள்.

குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

"எப்பிடி அம்மா?"

"தண்ணியில ஒரு குறையுமில்லைப் பிள்ளை" என்றேன். "சாயம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."